லெதர் ஜாக்கெட்டுக்கு எண்ணெய்க் குளியல்

தலைக்கு நல்லதென்றால் தோலுக்கும் நல்லதுதான் என்று நம்பியவன் நான். ஹைதராபாத் குளிருக்கென்று, அதே ஊரில் திருமுல்கேரிப் பக்கம் இருக்கும் மாமனார் தன் பட்டாளத்துக் காலத்து லெதர் ஜாக்கெட்டை இரவல் கொடுத்திருந்தார். முழங்கைப் பக்கம் மங்கிப் பொன்னிறமாகியிருந்தது. வறண்டுவிட்டதாக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவினேன். தடவிய இடம் கறுத்துப்போனது.

"நக்கோ, வேணாம்னு சொன்னேன்ல? பட்டாளத்துல போட்டுப் போட்டுத் தேஞ்ச அந்த மங்கலைத்தான் அப்பா ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்படுவார்" என்றாள் மனைவி.

நிறத்தைச் சமப்படுத்துகிறேன் என்று மிச்ச இடத்திலும் தடவியதில், ஜாக்கெட் முழுசாக எண்ணெய்க் கத்தரிக்காய் ஆனது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் திருப்பிக் கொடுத்தேன்.

மாமனார் முகர்ந்து பார்த்தார். "தலைக்கு எண்ணெய் கொஞ்சமா வைங்க மாப்ளே" என்றார். கறுத்த ஜாக்கெட்டையே மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போனார்.