ஓடையைக் கடக்கவைத்த செல்வி

இன்று பேத்தி செல்வியின் கல்லூரிக் கூட்டத்தோடு நானும் மும்பையைத் தாண்டி, பன்வேல் பக்கத்துக் காட்டுக்குப் போனேன். அவள் இதுவரை அருவியே பார்த்ததில்லை.

அருவிக்குப் போகும் வழியில் ஓடை குறுக்கிட்டது. கல்லெல்லாம் பாசி பிடித்து வழுக்கியது. பூட்ஸ் போட்ட பிள்ளைகள்கூடக் கரையிலேயே நின்றுவிட்டார்கள். கூட்டிப்போன, மாட்டுங்காவிலிருந்து வரும் கல்லூரி சார், "வேண்டாம், திரும்பிடலாம்" என்றார்.

செல்வி செருப்பைக் கழற்றினாள்.

"ஆச்சி, கையப் பிடிச்சுக்கிடுங்க. தண்ணியப் பாக்காதிய."

கல் கல்லாக மிதித்து என்னை அக்கரை சேர்த்தாள். பிறகு ஒவ்வொருவராக எல்லாரையும் அக்கரைக்குக் கூட்டிவந்தாள்.

"எந்தக் காட்டுல பழகினே நீ?" என்றார் சார்.

"காடா? தாராவியில எங்க சந்து சார். மழை வந்தா சந்தெல்லாம் தண்ணி, பாசிக் கல்லா மிதிச்சு குழாயடிக்கு இப்படித்தான் போவோம்."

அருவியில் ஆசைதீர நனைந்தோம்.

சந்துக்குச் சிமெண்ட் போடவில்லையென்று முனிசிபாலிட்டியைத் திட்டும் நம் ஆட்களே, இப்போது என்ன சொல்கிறீர்கள்?