அப்பா லேப்டாப்பில் ஆள் குறைத்தது

ஓசூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டில் ஒரு லேப்டாப் இருந்தது. அப்பாவின் கம்பெனியில் யாரோ வைத்திருந்து, சலித்துப்போய் விற்றது. அதை ஆன் செய்துவிட்டுப் போய் ராகிக் களி கிண்டி இறக்கிவிடலாம் என்பாள் அம்மா. அப்பாவுக்கு இந்தப் பேச்சு பொறுக்கவில்லை. வண்டிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அவர் லைன் லீடர். எங்கே நேரம் வீணாகிறது என்று பார்ப்பதும், ஒருவர் செய்யக்கூடிய வேலைக்கு இருவர் நின்றால் ஒருவரை வேறு லைனுக்கு அனுப்புவதும் அவருடைய பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே கண்ணோடு லேப்டாப்பின் முன் உட்கார்ந்தார்.

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். செட்டிங்ஸில் ஒவ்வொன்றாகத் திறப்பார், பெயரை எழுத்துக் கூட்டிப் படிப்பார், "உனக்கு இங்க என்னப்பா சோலி? கிளம்பு" என்று சொல்லி அணைப்பார். ஓரிடத்தில் ஸ்பீக்கர் படத்தோடு இரண்டு பேர் இருந்தார்கள். "ஒரு வேலைக்கு ரெண்டு ஆளா? இதான் இழுக்குது" என்றார். பெயர் நீளமாக இருந்தவரை வைத்துக்கொண்டு மற்றவரை அனுப்பினார். அனுப்பப்பட்டவர் திரையிலிருந்தே மறைந்துபோனார். சாயங்காலம் லேப்டாப் உண்மையிலேயே கொஞ்சம் சீக்கிரம் திறந்தது. அம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்து, அணைத்து அணைத்துத் திறந்து காட்டினார்.

அந்த வாரம்தான் சித்தி வந்தாள். அம்மாவின் தங்கை. ஜவளகிரியில் தாத்தா வீட்டில் இருந்தாள்; கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருந்தாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் ஒரு வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். கம்ப்யூட்டரில் கோளாறு என்று வாடிக்கையாளர்கள் போன் செய்தால் சரிசெய்து கொடுக்க வேண்டும். நேர்முகத் தேர்வு வீடியோவில். இது கிடைக்காவிட்டால் ஊத்தங்கரை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சரி சொல்லிவிடுவதாகத் தாத்தாவிடம் ஒப்புக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வாய்ப்பையும் தாத்தாவிடம் பேசி வாங்கிக் கொடுத்தது அப்பாதான். "எங்க வீட்டுல லேப்டாப் இருக்கு மாமா, சும்மா பறக்கும்" என்று போனில் அவர் சொன்னதை நானே கேட்டேன்.

முதல் நாள் சித்தி கேமராவைப் பார்த்தாள், நெட்டைப் பார்த்தாள். சத்தத்தைப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை நெட் டாங்கிளை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டோம். அங்கேதான் சிக்னல் வரும். இரண்டாவது ஷிப்ட் என்பதால் அப்பா வீட்டில் இருந்தார். திரையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் தோன்றினார்கள். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"சார், உங்க வாய்ஸ் கேக்கல சார்" என்றாள் சித்தி. அவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடி பேசினார்கள். மறுபடியும் வாய் மட்டும்.

"போன்ல பேசிடேன்" என்றாள் அம்மா.

"இதுல இருந்து வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டாங்கக்கா. மெயில்லயே போட்டிருந்தாங்க."

அப்பா எழுந்து நின்றார். "பதறாத. யாரும் எதையும் தொடாதீக. லைன் ஸ்டாப்." கம்பெனியில் ஒரு கோளாறு வந்தால் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போய் வேரைப் பிடிப்பார்களாம். அதை எங்கள் வீட்டில் ஆரம்பித்தார்.

"ஏன் சத்தம் வரல? ஸ்பீக்கர் பேசல. ஏன் ஸ்பீக்கர் பேசல?"

"அதக் கண்டுபிடிக்கத்தானே நிக்கறோம்" என்றாள் அம்மா.

மின்சாரம் சரியா, ஒயர் சரியா, டாங்கிள் சரியா என்று வரிசையாக வந்தார். கடைசியில் மனிதர்களிடம் வந்தார். "நீ எதையாவது அமுக்குனியா?" என்று என்னைக் கேட்டார்.

"நான் தொடவே இல்ல. நீங்கதான் ஞாயித்துக்கிழம..."

"சரி, மறுபடி மெஷினுக்கு வருவோம்" என்றார் அப்பா.

சித்தி அதற்குள் என்னிடம் அம்மாவின் இயர்போனைக் கொண்டுவரச் சொன்னாள். மாட்டிப் பார்த்தாள். அதிலும் ஒன்றுமில்லை. "அப்ப ஸ்பீக்கர் கெட்டுப்போகல. சத்தமே அந்தப் பக்கம் போகல." குரலில் நடுக்கம் போய்விட்டிருந்தது. வீடியோவின் மேலேயே செட்டிங்ஸைத் திறந்தாள். அங்கே ஒருவர்தான் இருந்தார், நீளப் பெயர்க்காரர். "இது டிவியில மாட்டினா சத்தம் போறதுக்கு. லேப்டாப்போடது எங்க?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "இன்னாத்த மாத்துனீங்க?"

"நான் எதையும் மாத்தல. கொஞ்சம் இம்ப்ரூவ் பண்ணேன், அம்புட்டுதான்."

அம்மாவும் சித்தியும் வீட்டில் தமிழ் பேசி, தெருவில் கன்னடம் பேசி வளர்ந்தவர்கள். ரகசியங்கள் கன்னடத்தில் நடக்கும்; கேட்டுக் கேட்டு எனக்கும் புரியும். சாத்தூர்க்காரரான அப்பாவுக்கு, ஓசூர் வந்து இத்தனை வருடமாகியும், கன்னடம் ஒரு வார்த்தை புரியாது, பஸ் பலகை கூடப் படிக்க வராது. சித்தி திரும்பாமலே சொன்னாள்: "பாவந்தே கெல்சா இது." இது மாமாவின் வேலைதான்.

"கொத்து. ஹேள்பேடா" என்றாள் அம்மா. தெரியும், சொல்லாதே. பிறகு அதே மொழியில் வேகமாகத் தொடர்ந்தாள். உனக்காக நம் அப்பாவிடம் மல்லுக்கட்டியவர் அவர், தன்னால்தான் போயிற்று என்று தெரிந்தால் மனிதர் உடைந்துபோவார்.

"ரெண்டு பேரும் என்ன பேசுதீக?"

"சிக்னல் பரவாயில்லையான்னு கேட்டேங்க."

செட்டிங்ஸுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்த வீடியோவின் ஓரத்தில் அந்தப் பெண் கையால் வாயைப் பொத்துவது தெரிந்தது. "அம்மா, அவங்க சிரிக்கறாங்க" என்றேன். என்னைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

சித்தி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். காலியாக இருந்த இடத்தில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து, வலது பட்டனை அமுக்கினாள். அணைத்து வைத்தவற்றைக் காட்டு என்பது போல ஒரு வரி வந்தது. அதைத் தட்டினாள். வெற்றிடத்தில், கழுவிய சட்டைபோல வெளுத்து, ஒரு ஸ்பீக்கர் எழுந்து வந்தது. பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். யாரும் கேட்காமலே ஜன்னலுக்குப் போய் டாங்கிளை நேராகப் பிடித்துக்கொண்டார். அது நேராகத்தான் இருந்தது.

சித்தி இன்னொரு முறை தட்டினாள். ஸ்பீக்கருக்கு நிறம் வந்தது. ஒரு பெண்ணின் சிரிப்பு எங்கள் வீடு முழுக்கக் கொட்டியது. நான் குதித்தேன். அம்மா கைதட்டினாள்.

"உங்க சத்தம் எங்களுக்கு முதல்லேர்ந்தே கேக்குதும்மா" என்றார் அந்த ஆள், தமிழில். செட்டிங்ஸை விலக்கியபோதுதான், எங்களுக்குக் கேட்கிறது, கேட்கிறது என்று அவர்கள் எழுதி அனுப்பியிருந்த வரிகள் கீழே கிடந்தன. அந்தப் பெண் கன்னடத்தில் அவரிடம் மெதுவாக என்னவோ சொல்லி மறுபடி சிரித்தார். அம்மா மெதுவாகக் கைதட்டலை நிறுத்தினாள்.

"கஸ்டமர் பக்கத்துலதான் நிக்கறாரா?" என்று கேட்டார் அந்த ஆள். சித்தி தலையாட்டினாள். "அப்ப ஒரே கேள்வி. போனை வைக்கிறதுக்கு முன்னாடி, எதனால இப்படி ஆச்சுன்னு அவருக்குச் சொல்லணும். சொல்லுங்க."

பதில் எனக்குத் தெரியும். ஜன்னலைக் கைகாட்டினாலே போதும். சித்தி திரும்பி ஜன்னலைத்தான் பார்த்தாள்.

"சில சமயம் ஏதாவது அப்டேட் வந்தா இது தானா அணைஞ்சிடும் மாமா. உங்க தப்பு ஒண்ணும் இல்ல. அடுத்த தடவ இப்படி ஆனா, காலி இடத்துல வச்சு வலது பட்டன அமுக்குங்க. அது அங்கயேதான் இருக்கும்."

"சரிம்மா" என்றார் அப்பா.

திரையில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "போதும்" என்றார் அந்தப் பெண். திரை கறுத்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி, அதற்கும் தப்பான பதில்.

அப்பா ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "அந்த அப்டேட் விட்டவன் எவனோ, அவன லைன்ல நிப்பாட்டி நாலு கேள்வி கேக்கணும்மா" என்றார்.

"விடுங்க மாமா. வேகமா ஓடட்டும்னுதான் செஞ்சிருப்பான்."

அப்போதுதான் சித்தியின் போன் அடித்தது. நின்றபடியே கேட்டாள். சார், சார் என்றாள். பிறகு போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். திங்கட்கிழமை வேலையில் சேரச் சொன்னார்களாம். அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். அப்பா ஒற்றைக் காலில் ஷூவோடு உள்ளே ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினார். கீழே கம்பெனி பஸ் ஹாரன் அடித்து, அடித்து, அவரை விட்டுவிட்டுப் போயிற்று. அவர் கவலைப்படவில்லை, தாத்தாவுக்குப் போன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்தக் கூத்துக்கு நடுவில் எனக்கு மட்டும் கணக்கு இடித்தது. பள்ளிக்கூடத்தில் தப்பான பதிலுக்குப் பெருக்கல் குறி போடுவார்கள். இது மாமாவின் வேலைதான் என்று சித்தியே கன்னடத்தில் சொன்னதை அவர்கள் காதால் கேட்டிருந்தார்கள். அப்புறமும் எப்படி வேலை கொடுத்தார்கள்? நெடுநேரம் யோசித்துவிட்டு, பெங்களூர்க்காரர்களுக்குக் கன்னடம் அவ்வளவாக வராது போலிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.