ஒரே பீப்பாவில் கொட்டிய விதைநெல்

எனக்கு எண்பத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தவள். நான் இரண்டாம் வகுப்போடு நின்றேன்; அவர்களில் ஒருவரையும் நிற்க விடவில்லை.

இது நாலாவது மகளின் வேலை பற்றியது. சண்டைக் காலம். கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் இருந்தவள், பஸ் ஓடாத கிழமைகளில் எங்கள் பாலையூற்று வீட்டிலேயே கொம்பியூட்டரோடு இருந்தாள். நெல்லின் மரபணுக்களைப் பற்றியும் அவை உண்டாக்கும் புரதங்களைப் பற்றியும் பல நாட்டுக்காரர் தங்கள் தங்கள் கொம்பியூட்டரில் பதிந்து வைத்திருக்கிறார்களாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஒழுங்கு. ஒரு கேள்வி கேட்டால் எல்லா இடத்திலும் தேடிப் பதில் தர ஒரு புரோகிராம் வேண்டும். எல்லாவற்றையும் அள்ளிவந்து ஒன்றாகக் கலந்து வை என்றார் அவளது மேலதிகாரி. இவள் மறுத்தாள். அப்படியானால் ஒரு மாதத்தில் வேறு வழி காட்டு, இல்லாவிட்டால் வேலை இன்னொருவருக்கு என்றார்.

மீன் வெட்டிக்கொண்டே, கலந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"கலந்தாப் பிறகு பிரிக்கேலாது அம்மா. அவையள் ஒண்டைப் பிழையெண்டு திருத்தினா, எங்கட குவியலுக்குள்ள அதை எங்க தேடுறது? மாமியின்ட விதைநெல்லை எலி கலந்துபோட்டுதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நான் அடுத்த மீனை எடுத்து வெட்டினேன்.

அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது, தோப்பூரிலிருந்து அந்த மாமியான என் மச்சாள் குடும்பமும் குச்சவெளியிலிருந்து தங்கை குடும்பமும் இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தார்கள். இரு வீட்டாரும் ஆளுக்கொரு சாக்கு விதைநெல் கொண்டுவந்திருந்தார்கள். படுக்க இடமில்லை. நெல் நெல்தானே என்று இரண்டையும் ஒரே தகரப் பீப்பாவில் கொட்டினேன். ஒன்று மூன்று மாத நெல், மற்றது நாலரை மாதம். விதைத்தால் பாதி உதிரும்போது பாதி பச்சையாக நிற்கும். எலி சாக்குகளை வெட்டிவிட்டது, சிந்தியதை அள்ளிப் போட்டேன் என்று எல்லாரிடமும் பொய் சொன்னேன். அதைக் குத்திச் சோறாக்கித் தின்றோம். அந்தப் போகம் இரண்டு வீட்டிலும் விதைப்பில்லை.

மகள் அந்தந்த இடத்துப் பதிவை அங்கங்கேயே விட்டாள். நடுவில் நின்று கேட்டு வாங்கி, எது எங்கிருந்து வந்தது என்றும் காட்டும் புரோகிராமை எழுதினாள். கொழும்பில் காட்டிய அன்று, ஓரிடத்தில் முதல்நாள்தான் திருத்திய பதிவு ஒன்று திருத்தியபடியே வந்ததாம். வேலை அவளிடமே இருந்தது.

அது அவளுடைய மூளை. என் பங்கு ஒன்றுமில்லை. எலிக்கும் பங்கில்லை.

எழுதியதை அவளுடைய மகளிடம், என் பேத்தியிடம், நீட்டினேன்.

"வாசி பிள்ளை. பீப்பாக் கதையை விழுங்காதை. கொம்மா குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிக்கிறா, அவவுக்குக் கேக்கவேணும்."