வாயில வெக்காத சொல்லு

எங்க வூட்ல சாவுன்ற வார்த்தைய யாரும் வாயில வெக்கக் கூடாது. தெரியாம யாராவது சொல்லிட்டா அம்மா உடனே ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்து, வாயக் கொப்புளின்னு நிக்கும். "மேல போற தேவத காதுல வுழுந்து, அது ஆவட்டும்னு சொல்லிட்டா இன்னாடா பண்ணுவ?"ன்னு கேக்கும். ஊர்ல எல்லா வூட்லயும் இந்தப் பயம் உண்டு. எங்க வூட்ல கொஞ்சம் ஜாஸ்தி. நைனா செத்ததுக்கு அப்பறம் ரொம்ப ஜாஸ்தி.

நைனா ஜவ்வாது மலைல கூப்புல மரம் வெட்டினாரு. காட்டுல மரம் வெட்ட ஏலம் எடுத்த எடத்த கூப்புன்னு சொல்வாங்க. காலைல போனவர சாயங்காலம் கம்பளில கட்டித் தூக்கியாந்தாங்க. வெட்டின மரம் நெனச்ச பக்கம் வுழாம அவரு நின்ன பக்கம் சாஞ்சிடுச்சாம். எனக்கு அப்ப மீச மொளைக்கல. கொஞ்ச நாள் கழிச்சி அண்ணன் அதே கோடாலிய தோள்ல போட்டுகினு அதே மலைக்கு ஏறினான்.

வெள்ளக்காரன் சண்ட வந்து, பெட்ரோல் கெடைக்காம பஸ்ஸெல்லாம் கரில ஓட ஆரம்பிச்ச காலம். கரிக்கு அவ்ளோ கிராக்கி. அண்ணன் மலை மேல கட்டைய அடுக்கி, மண்ணு மூடி மூட்டம் போட்டுக் கரி சுடுவான். வாரத்துக்கு ஒருதரம் வூட்டுக்கு வருவான். நான் அடிவாரத்துலேந்து கரிய மாட்டு வண்டில ஏத்திகினு கலசப்பாக்கம் போவேன்.

அவன் மேல போனதும் எனக்கு நெஞ்சு அடிச்சிக்கும். மலைல புகை தெரியுதான்னு பாப்பேன். தெரிஞ்சா நெருப்பு மூட்டத்த விட்டு வெளில வந்துடுச்சோன்னு நெனப்பேன். தெரியலன்னா அவன் மேல மரம் வுழுந்துடுச்சின்னு நெனப்பேன். மேலேந்து எறங்கி வர்ற ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, "எங்கண்ணனப் பாத்தீங்களா, நல்லா கீறானா?"ன்னு கேப்பேன். நல்லா கீறான்னு சொல்லுவாங்க. ரெண்டு சுருட்டு புடிக்கற நேரம் நெஞ்சு அடங்கும். அப்பறம், அந்த ஆளு பாத்துட்டு வந்ததுக்குப் பின்னால மரம் வுழுந்திருந்தான்னு தோணும். பாதி வழில வண்டியத் திருப்பிகினு வந்து மலை ஏறிப் பாத்ததும் உண்டு. அண்ணன் மூஞ்செல்லாம் கரியா நின்னு சிரிப்பான். "வந்துட்டியாடா? வா, வந்ததுக்கு ரெண்டு கட்ட தூக்கு."

வண்டிக்காரனுங்க சொம்மா இருப்பானுங்களா? "இன்னாடா, பொண்டாட்டி மலைலயா கீறா? அப்பிடிப் பாக்கற." "உங்கண்ணன் கைக்கொழந்தடா. போயி இடுப்புல தூக்கிக்க." எனக்கே சிரிப்பு வரும். சிரிச்சிகினே மலையப் பாப்பேன், சோறு எறங்காது.

அம்மா பூசாரி கிட்ட இட்டுகினு போச்சி. காட்டேரின்னு சொல்லி வேப்பலைல அடிச்சாரு. கைல ஒரு தாயத்து கட்டினாரு. அதுக்கு அப்பறம் தாயத்து அவுந்துடுச்சான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கற வேல ஒண்ணு கூட சேந்துகிச்சி.

கடைசில நெஞ்சு வலின்னு நெனச்சி, வண்டி போற வழில பாதிரியாருங்க வெச்சிருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு கொழாய் வெச்சிப் பாத்துட்டு நெஞ்சுல ஒண்ணும் இல்லன்னாரு. வெளில வர்றப்ப அங்க இருந்த நர்சம்மா கூப்ட்டாங்க. அடிவாரத்து ஆளுதான், ஏசு சாமி கும்பிடற வேதக்காரங்க. அம்மா வயசு இருக்கும். "குந்து. இன்னாத்துக்குப் பயப்படற?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கா இப்பிடி வேர்க்குது? சொல்லு."

"அண்ணன் மேல மரம் வுழுந்துடும்னு."

"வுழுந்தா?"

நான் எழுந்துட்டேன். "அதெல்லாம் வாயில வெக்கக் கூடாதுங்க."

"மனசுல மட்டும் நாளெல்லாம் வெச்சிருக்கலாமா?"ன்னாங்க. திரும்பக் குந்தினேன்.

செத்துடுவான்னு சொல்றதுக்கு எனக்கு அவ்ளோ நேரம் ஆச்சி. சொன்னதும் அந்தம்மா ஆடல. "அப்பறம்?"ன்னாங்க. அம்மா அழும்னேன். அப்பறம்? நானும் அழுவேன். அப்பறம்? தூக்கிகினு போயி எரிப்போம். அப்பறம்? எனக்குக் கோவம் வந்துடுச்சி. "அப்பறம் இன்னா, பசிக்கும், கஞ்சி குடிப்பேன், வண்டி ஓட்டுவேன்!"ன்னு கத்தினேன். கத்தினதும் உள்ள ஏதோ எறங்கி உக்காந்த மாதிரி இருந்துது.

புதன்கெழம புதன்கெழம போனேன். அந்தம்மா காயம் கட்டற துணிய மடிச்சிகினே கேப்பாங்க. மந்தரம் இல்ல, மருந்து இல்ல. வர்றவங்க போறவங்கள நிறுத்திக் கேக்காதன்னாங்க. "கேக்கக் கேக்க அந்தப் பயத்துக்குத் தீனி போடற. தீனி போட்டா வாசல்லயேதான் நிக்கும்." நெஞ்சு அடிச்சா ஓடாத, வண்டிய நிறுத்தி மாட்டுக்குத் தண்ணி காட்டு, அது ஏறும், ஏறின மாதிரியே எறங்கும்னாங்க. மொத நாளு நின்னப்ப உயிரு போற மாதிரி இருந்துது. மாடு குடிச்சி முடிச்சிது. நானும் சாவல. அந்த மாசிக்குள்ள பாதி வழில வண்டி திருப்பறது நின்னுபூடுச்சி. சோறு எறங்குச்சி. அண்ணன் பாத்துட்டு, "இன்னாடா என்னத் தேடி வர்றதே இல்ல? வேற அண்ணன் கெடச்சிட்டானா?"ன்னு கேட்டான். புதன்கெழம எங்க போறேன்னு அவனுக்குச் சொல்லல. அம்மாவுக்கும் சொல்லல.

போன மழைக்கு அண்ணன் வெறவெறன்னு நடுங்கிகினு அவன் காலாலயே எறங்கி வந்தான். மலை ஜொரம். ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இந்த ஜொரத்துக்குக் குடுக்கற கொய்னா மாத்தரயெல்லாம் பட்டாளத்துக்குப் பூடுது, இங்க வர்றது இவ்ளோதான்னு நர்சம்மா இருந்தத பொட்டலம் கட்டிக் குடுத்தாங்க. அது பத்தல. கம்பளி மேல கம்பளி போட்டும் கட்டிலு ஆடுச்சி. அதுலயே பூட்டான்.

அழுதேன். எரிச்சோம். பசிச்சுது. கஞ்சி குடிச்சேன். குடிக்கறப்ப என்னையே எனக்குப் புடிக்கல. ஆனா வுழுந்துடல. இப்பிடித்தான் வரும்னு முன்னாடியே ஒருதரம் நடந்து பாத்த வழியா இருந்துது.

காரியத்துக்கு முன்னாடி நர்சம்மா துக்கம் கேக்க வந்தாங்க. ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் குந்தினு இருந்தாங்க. அம்மா கையப் புடிச்சிகினு, நல்லதுன்னு நெனச்சிதான் சொன்னாங்க: "சின்னவனப் பத்திக் கவலப்படாதம்மா. தாங்கிப்பான். அண்ணன் செத்தா இன்னா பண்ணுவேன்னு அவன் எங்கிட்ட எத்தினியோ தரம் சொல்லிப் பாத்துட்டான்."

ஒப்பாரி நின்னுடுச்சி. ஒரு பொம்பள, "அய்யோ, வாயாலயே வெச்சிட்டானா!"ன்னு நெஞ்சுல அடிச்சிகிச்சி. அம்மா என்னப் பாத்த பார்வை இன்னும் என் முதுவுல கீது, நேரா வாங்கிக்க முடியாம திரும்பிகிட்டேன்.

"நான் சொன்னது மரம் வுழும்னுதாம்மா"ன்னு எல்லாரும் போனப்பறம் சொன்னேன். "அவன் போனது ஜொரத்துல. நான் ஒரு நாளும் ஜொரம்னு சொல்லல."

"சாவுன்னு சொன்னியா இல்லியா?"

சொன்னேன். அது பொய்யி இல்லியே.

அதுலேந்து ஊரே என் வாயப் பாத்துப் பயப்படுது. வண்டிக்காரனுங்க கிண்டல் பண்றது நின்னுபூடுச்சி, அதுதான் ரொம்பக் கொடும. ஒருத்தன், "எது வேணா பேசுடா, எங்க மாட்டப் பத்தி மட்டும் பேசாத"ன்னான். மாசமா இருக்கற பொம்பளைங்க நான் வந்தா உள்ள போயிடறாங்க. மழை வருமான்னு கூட எங்கிட்ட ஒருத்தரும் கேக்கறதில்ல. அண்ணன் செத்த துக்கத்த துக்கமா அழக்கூட எனக்கு வுடல இந்த ஊரு.

ஆஸ்பத்திரிக்குப் போயி சண்ட போட்டேன். "ஏம்மா சொன்னீங்க? ஏன் வெளில சொன்னீங்க?" அந்தம்மா மூஞ்சி மூடிகினு அழுதாங்க. "தப்புதாம்பா. உன் பேச்ச நான் எடுத்து வெளில வெச்சிருக்கக் கூடாது." கண்ணத் தொடச்சிகினு, "இப்ப இன்னா பயம்?"னு கேட்டாங்க.

"என் வாயாலதான் செத்தானோன்னு."

"உங்க நைனா சாவறதுக்கு முன்னாடி யாரு வாயில வெச்சாங்க?"

யாரும் இல்ல. எங்க வூட்ல யாரு வெப்பாங்க? அது புத்திக்கு ஏறுச்சி. நெஞ்சுக்கு ஏறல. அதுக்குத்தான் இன்னும் போயிகினு கீறேன்.

இப்ப அந்த வியாதி அம்மாவுக்கு வந்துடுச்சி. வண்டி கொஞ்சம் லேட்டானா ரோட்டுல வந்து நிக்குது. எதிர்ல வர்ற வண்டிக்காரனையெல்லாம் நிறுத்தி, எம்புள்ள வர்றானான்னு கேக்குது. சோத்துல கை வெச்சிகினு அப்பிடியே குந்தினு கீது. இன்னா பயம் சொல்லும்மான்னா சொம்ப எடுக்குது. எனக்குத் தெரியும், சொன்னா கொஞ்சம் எறங்கும். ஆனா என் வாயிலேந்து வர்ற எதையும் அது கேக்காது.

போன வாரம் பொறுக்க முடியல. வூட்டுக்கு வந்ததும் மாட்டக்கூட அவுக்காம கேட்டேன். "நான் செத்துடுவேன்னுதான பயப்படற? சொல்லேன்! நைனாவப் பத்தி ஒருத்தரும் சொல்லல, அவரு சாவலியா?"

அம்மா பளார்னு என் வாய் மேல ஒண்ணு வெச்சிது. வெச்ச கை அப்பிடியே கீழ தொங்கிடுச்சி. வண்டிச் சக்கரத்தப் புடிச்சிகினு தரைல குந்திடுச்சி.

"நான் சொன்னேன்டா"ன்னுச்சி. "அன்னிக்குக் காலைல சண்ட. நான்தான் சொன்னேன். மரம் வுழுந்து சாவுய்யான்னு நான்தான் சொன்னேன்."

இத்தினி வருசமா அத உள்ள வெச்சிகினு, சொம்பத் தூக்கிகினு எங்க பின்னாலயே சுத்தியிருக்குது. பாவம்னு நெனக்கணும். மொதல்ல எனக்கு வந்தது கோவம்தான். இது தெரிஞ்சிகினே, ஊரு என்ன வாயால கொன்னவன்னு சொல்றப்ப ஒரு வார்த்த பேசல. அண்ணனும் இது தெரியாமலே பூட்டான். அவன் கிட்டயாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோவம் இன்னும் போவல, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனா அது பேச ஆரம்பிச்சிட்டுது. அன்னிக்கு இன்னா கொழம்பு, எதுக்கு சண்ட, நைனா திரும்பிப் பாக்காமப் போனது, எல்லாம். மாடு ரெண்டும் நொகத்தோட நின்னுகினு கீது. நான் கேட்டுகினு இருந்தேன். பேசி முடிச்சி முந்தானைல மூக்கத் தொடச்சிது.

"அந்த நர்சு, நான் சொன்னா வெளில சொல்லிடுவாளா?"

"நான் சொன்னத சொல்லிட்டாங்களே."

"அப்ப இன்னும் ஏன் அங்க போற?"

"தப்புன்னு எங்கிட்ட அழுதது அவங்க ஒருத்தர்தான்."

அம்மா எழுந்து, ஒரு மாட்ட அதுவே அவுத்துது. தண்ணித் தொட்டி வரைக்கும் இட்டுகினு போயி, அது குடிக்கறதப் பாத்துகினே சொல்லுச்சி.

"புதன்கெழம வண்டில வைக்கோல் ஜாஸ்தியாப் போடு. எனக்கு இடுப்பு தாங்காது."