தாடிக்கொம்புக்குப் போகாத காலை

மாணிக்கண்ணன் இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தேன். நம் கார் ஸ்டாண்டிலிருந்து போன். "மாணிக்கண்ணன் போயிட்டாருப்பா. நெஞ்சு வலின்னாரு, அம்புட்டுத்தான்." வெளியே வந்து கையைத் துடைத்தேன். முதலில் மனதில் வந்தது அழுகை அல்ல, பயம். அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை இனிமேல் யாரிடம் போய்ச் சொல்வது?

டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து போடும் இந்த நினைவு மலரில் மெக்கானிக் ஒருவன் எழுதுவது உங்களில் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். முழுவதும் படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

அவர் வண்டி எடுக்கும் விதம் உங்களுக்கும் தெரியும். பானெட்டை இரண்டு தட்டு தட்டாமல் சாவி போட மாட்டார். குளிர் காலத்தில் பூனை உள்ளே ஏறிப் படுத்திருக்குமாம். "தட்டுறதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்பார். அவரைக் கேலி செய்தவர்களில் நானும் ஒருவன்.

அப்போது அவர் தாடிக்கொம்பில் ஒரு பூ வியாபாரி வீட்டில் டிரைவர். ஒரு மார்கழியில் வண்டியை என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தார். "காலையில சாவியப் போட்டதும் கீச்சுனு கத்துது அப்பு. ரெண்டு நிமிசம் கத்திட்டு அடங்கிருது." நான் ஸ்டார்ட் செய்து பார்த்தேன். சத்தமே இல்லை. தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல் வந்து சேர்வதற்குள் இஞ்சின் சூடாகியிருக்கும், எப்படிக் கத்தும்? அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பெல்ட்டை இறுக்கிவிட்டு அனுப்பினேன். மறு வாரமும் வந்தார். புதுப் பெல்ட் மாட்டினேன்.

மூன்றாம் தடவை முதலாளியும் கூட வந்தார். மாணிக்கண்ணன் பொறுமையாகச் சொன்னார்: "பெல்ட்டு மேல தண்ணி தெளிச்சுப் பாத்தேன் அப்பு. சத்தம் கொறையல." தண்ணீர் பட்டும் சத்தம் மாறவில்லையென்றால் கோளாறு பெல்ட்டில் இல்லை, அது சுற்றுகிற உருளைகளில் ஏதோ ஒன்றின் பேரிங்கில் இருக்கிறது. என் வேலையில் பாதியை அவரே செய்து கொண்டுவந்திருந்தார். எனக்கோ ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டிரைவர் வந்து எனக்குப் பாடம் சொல்வதா?

"வண்டி ஷெட்டுல நின்னா டிரைவருக்கு லீவு, தெரியாதா மொதலாளி?" என்றேன்.

முதலாளி சிரித்தார். என் ஆட்களும் சிரித்தார்கள். மாணிக்கண்ணன் மட்டும் தணிந்த குரலில், "ஒரு நா விடியக்காலம் வந்து கேளு அப்பு. இல்லையா, சாயங்காலமே வண்டிய இங்கன விட்டுட்டுப் போறேன், காலையில நீயே சாவி போடு" என்றார். ஷெட்டில் இடம் இல்லை என்றேன். இரண்டு கார் நிறுத்த இடம் இருந்தது.

அந்த மாதமே அவருடைய வேலை போனது. சாக்குச் சொல்லி வேலைக்கு மட்டம் போடுகிறவர் என்ற பேச்சு நம் ஸ்டாண்டு வரைக்கும் வந்தது. அந்தப் பேச்சு என் வாயிலிருந்து புறப்பட்டது.

பங்குனியில் அதே காரைக் கயிறு கட்டி என் ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதலாளி குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில், குஜிலியம்பாறை ரோட்டில் பெல்ட் அறுந்து, இஞ்சின் கொதித்து நின்றுவிட்டது. பிரித்தேன். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் உருளையின் பேரிங் கிரீஸ் வற்றி இறுகிக் கிடந்தது. மார்கழி முழுக்கக் கத்தியது அதுதான். முதலாளி கேட்டார், "இது முன்னாடியே தெரியாதாப்பா?"

"திடீர்னு போற சாமான் மொதலாளி. யாருக்கும் தெரியாது" என்றேன்.

ஒருவர் மூன்று முறை வந்து சொன்னதை, யாருக்கும் தெரியாது என்றேன். அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்திருக்கும். வேலை கிடைக்காவிட்டாலும் பெயராவது திரும்பியிருக்கும். எனக்கு என் பெயர் பெரிதாகிவிட்டது.

பிறகு அவர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேனை ஓட்டினார். அந்த வேனையும் என்னிடமே கொண்டுவந்தார். ஒரு நாள் என் அலமாரியில் கிடந்த அந்தப் பழைய உருளையைக் கையில் எடுத்து விரலால் சுற்றினார். கரகரவென்றது. என்னைப் பார்த்தார். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, "வா, செத்த நேரம் டீயக் குடிச்சிட்டு வருவோம்" என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. டீக்கடையில் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மழை பெய்யுமா என்று கேட்டேன்.

இப்போதெல்லாம் காலைச் சத்தம் என்று யார் வந்தாலும் வண்டியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்கிறேன். இடம் இல்லையென்றால் விடியலில் அவர்கள் வீட்டுக்கே போகிறேன். கெட்டிக்காரன் என்று ஊரில் சொல்கிறார்கள். கேட்கக் கூசுகிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவருடைய வீட்டுக்குப் போய் அவர் மனைவியான அக்காவிடம் படித்துக் காட்டினேன்.  முழுவதும் கேட்டுவிட்டு அக்கா சொன்னார்: "வேல போன அன்னைக்கு, குடிச்சிட்டு ஓட்டுனீகளான்னு நானே கேட்டுட்டேன் தம்பி. பிள்ளைக முன்னாடி. அப்பக்கூட ஒங்க பேரச் சொல்லல."

  என் தொழிலுக்குக் கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதென்று அவர், தான் பெற்ற பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நின்றிருக்கிறார். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவர் காத்துக்கொடுத்த அந்தப் பெயர்தான்.