வெட்டுப்பட்ட எட்டாம் சுரம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு ஆபீசில் 'டோக்கன்' என்று பெயர். குடிநீர் இணைப்பு அலுவலகத்துக் கூடத்தில் நிற்கும் டோக்கன் இயந்திரத்துக்குக் காகிதச் சுருள் மாட்டுவது, காலையில் எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி வைப்பது, அடைத்துக்கொண்டால் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவது, இதுதான் பத்தொன்பது வருடமாக அவர் உத்தியோகம். நான் அதே கூடத்தில் மூன்றாம் கவுண்டர். வீட்டில் அவர் எனக்கு அத்தான், ஆபீசில் சார். இரண்டு இடத்திலும் அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

அத்தானிடம் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஒரே ஒரு குறை, பாடுவார். பள்ளிக்கூடத்துக் குழுப்பாடலில் அவரை மூன்றாம் வரிசையில் நிற்கவைத்து, "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக் கூடாது" என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அந்த வருடம் குழுவுக்குப் பரிசு கிடைத்தது. சான்றிதழைச் சட்டம் போட்டு இன்னும் வைத்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் பாடாததற்காகக் கிடைத்த பரிசு அது ஒன்றுதான்.

அக்கா நன்றாகப் பாடுவாள். மேடைக்கெல்லாம் போனதில்லை, பாத்திரம் தேய்க்கும்போது பாடுவாள். சமையலறைக் குழாய் ஓடுகிற சத்தத்துக்கு மேலே அவள் குரல் சுத்தமாகக் கேட்கும். அப்போது அத்தான் மெல்ல வாசலில் வந்து நிற்பார். நின்று, ஒரு வரி சேர்ந்து பாடுவார். அக்கா நிறுத்திவிடுவாள். திட்ட மாட்டாள், முறைக்க மாட்டாள். வாய் மூடிக்கொள்ளும், கை மட்டும் தேய்க்கும். அத்தான் தண்ணீர் குடிக்கத்தான் வந்தவர்போல ஒரு டம்ளர் பிடித்துக் குடித்துவிட்டுப் போவார். இருபத்திரண்டு வருடமாகத் தாகமே இல்லாமல் அவர் குடித்த தண்ணீர் எங்கள் மேலாளர் காதுக்கு எட்டியிருந்தால் அந்த வீட்டு இணைப்பைத் துண்டித்திருப்பார்.

போன வருடம் ஒருநாள் டீ குடிக்கும்போது என்னிடம் சொன்னார். "உங்க அக்கா நிறுத்தாம இருக்கணும். ஒரே ஒரு தடவை. அது போதும் எனக்கு."

நான் சிரித்தேன். டீ மூக்கில் ஏறும்வரை சிரித்தேன். அதை மறைத்துவிட்டு என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக் காட்டினார். காதைப் பழக்குகிற ஒரு செயலி. 'மேஜர் ஸ்கேல்' என்று தலைப்பு, கீழே ச ரி க ம ப த நி ச என்று எட்டுப் பொத்தான்கள். முதலில் நாலைந்து சுரங்களைச் சேர்த்து வாசித்து, எது 'ச' என்று காதுக்குக் காட்டிவிடும். பிறகு ஒரே ஒரு சுரம் ஒலிக்கும். அது எது என்று நாம் தொட வேண்டும். தப்பென்றால் ஒரு பெண்குரல், "மீண்டும் முயற்சி செய்யுங்கள்" என்று தேனாகச் சொல்லும். முதல் நாள் பத்துக்கு ஒன்று சரி. கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் ஒன்று தேறியிருக்கும்.

வீட்டில் அந்தப் பெண்குரலை அக்கா கேட்டுவிட்டாள். "யாரு அவ? உங்களைத் தினமும் தப்பு தப்புங்கறா? அப்ப எனக்கு இந்த வீட்ல என்ன வேலை?"

அதற்குப் பிறகு காதில் இயர்போன் ஏறியது. அத்தோடு எங்கள் நிம்மதியும் போனது. மனிதர் எதைக் கேட்டாலும் சுரம் சொல்ல ஆரம்பித்தார். பிரிட்ஜ் 'ப'வில் முனகுகிறதாம். பீரோக் கதவு 'க'வில் திறந்து 'ரி'யில் மூடுகிறதாம். எதிர்வீட்டுக் கார் பின்னால் வரும்போது ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பது கற்பனை வறட்சியாம். ஆபீசில் நான் தும்மினேன், "அழகான 'த', கொஞ்சம் தாழ்ந்துபோச்சு" என்றார். மூன்றாம் கவுண்டரில் இருபது பேர் பார்க்க, என் தும்மலுக்கு மார்க் போட்டார்.

படிக்கட்டு விஷயம் இன்னும் மோசம். மேஜர் ஸ்கேலில் சுரங்களுக்கு நடுவே எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி கிடையாதாம். 'க'வுக்கும் 'ம'வுக்கும் நடுவில் அரைப்படி, 'நி'க்கும் மேல் 'ச'வுக்கும் நடுவில் அரைப்படி, மற்றதெல்லாம் முழுப்படி. இது காதில் ஏற வேண்டும் என்று மாடிக்குக் கோப்பு கொண்டுபோகும் படிகளில் பழகினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு சுரத்தை முனகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறுவார். 'க'விலிருந்து 'ம'வுக்கு மட்டும் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து ஏறுவார். மறுபடி விறுவிறு. 'நி'யில் மறுபடி தேய்ப்பு. பார்த்தவர்கள் முட்டிவலி என்று முடிவுகட்டினார்கள். கூட்டிப் பெருக்கும் அம்மா தைலம் கொண்டுவந்து கொடுத்தார். மேலாளர், "டோக்கனுக்கு உடம்பு முடியல, அவரைக் கீழ்த்தளத்துக்கு மாத்துங்க" என்று கருணையோடு உத்தரவு போட்டார். அத்தான் பத்தொன்பது வருடமாகக் கீழ்த்தளத்தில்தான் இருக்கிறார்.

மூன்று மாதத்தில் பத்துக்கு எட்டு சரியாக வந்தது. அன்றைக்குச் சுருள்பெட்டிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திவைத்துச் சொன்னார்.

"எங்க தப்பு பண்ணேன்னு இப்பத்தான் தெரியுது. முதல்ல கூடப் பாடறவங்களோட 'ச' எங்க இருக்குன்னு கேக்கணும். அப்புறம்தான் வாயைத் திறக்கணும். நான் என் 'ச'லேர்ந்தே பாடிட்டு இருந்திருக்கேன், இருபத்திரண்டு வருஷமா."

"அத்தான், இது பாட்டுக்கு மட்டும் சொன்னதா, இல்ல மொத்தமாவா?" என்று கேட்டேன். அவர் சுருளை மாட்டப் போய்விட்டார்.

அந்த வாரம்தான் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. பொதுமக்களை இனிமையாக அழைக்க வேண்டுமாம். அதுவரை எங்கள் இயந்திரம் 'ட்ர்ர்ர்' என்று அலறும். ஒவ்வொரு அலறலுக்கும் கூடத்தில் யாராவது ஒருவர் கையிலிருந்ததைக் கீழே போடுவார். மேலாளர் கூட்டம் கூட்டி, "இனிமைக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். அத்தான் கை தூக்கினார்.

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் இயந்திரத்தில் சுரம் வைக்கும் வசதி வாங்கிய நாளிலிருந்தே இருந்தது, கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில். அந்தக் கையேட்டைப் பிரித்த ஒரே ஆள் அவர்தான். வேறு வழியில்லாமல் வேலை அவரிடமே வந்தது.

பதினொரு நாள் உழைத்தார். முதல் மெட்டு படியேறி இறங்குவதாகவே இருந்தது. இரண்டாவது 'ம'வில் போய் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. பிறகு பிடித்துவிட்டார். ச க ப ம க ரி நி ச. 'ச'விலிருந்து கிளம்பி, இரண்டு எட்டில் 'ப'வுக்குப் போய், நிதானமாக இறங்கி, வாசல் தாண்டிக் கீழே 'நி'யைத் தொட்டு, அரைப்படி ஏறி மறுபடி 'ச'. எட்டே சுரம். எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினார். கேலி செய்யத் தயாராகத்தான் போனேன், வாய் வரவில்லை. நன்றாக இருந்தது. அந்த மனிதரிடமிருந்து வந்தது என்பதை நம்ப இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன்.

"அக்காகிட்ட சொல்லட்டுமா?"

"வேணாம். சொன்னா சிரிப்பா. எப்பவாவது தானா கேக்கட்டும்."

ஒப்புதலுக்காக மெட்டு காகிதத்தில் மேலாளர் அறைக்குப் போனது. அவர் அதைக் கேட்கவில்லை, படித்தார். எங்கள் ஆபீசில் எதையும் படித்துத்தான் பார்ப்பார்கள், காதால் கேட்கிற வழக்கம் கிடையாது. சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"எட்டாவதா என்ன இருக்கு?"

"'ச' சார்."

"முதல்ல?"

"அதுவும் 'ச'தான் சார்."

"ஒரே விஷயம் ரெண்டு தடவை எதுக்கு? ஆடிட்ல கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"சார், கடைசி 'ச' இல்லன்னா அது முடியாது சார். வெளியே போனது வீட்டுக்குத் திரும்பணும்..."

"'க' கூடத்தான் ரெண்டு தடவை வந்திருக்கு. அதை நான் வெட்டினேனா? கொஞ்சம் விட்டுக்கொடுங்க." கடைசி 'ச'வை அடித்துவிட்டு, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். அத்தானிடம் இயந்திரம் இருந்தது, சாவி இருந்தது, எட்டாவதை யாருக்கும் தெரியாமல் சேர்த்துவிட்டிருக்கலாம். ஆனால் சிவப்பு மையை மீறிப் பழக்கமில்லாத ஆள். ஏழோடு நிறுத்தினார்.

திங்கட்கிழமை காலை முதல் டோக்கனுக்கு மெட்டு ஒலித்தது. ச க ப ம க ரி நி. பலகையில் ஒன்று என்று எரிந்தது. டோக்கன் ஒன்றை வைத்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கூடமே காத்திருந்தது. சிலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் தொங்கினார்கள். மத்தியானத்துக்குள் இரண்டு சண்டை. எதற்கென்று இரண்டு தரப்புக்கும் சொல்லத் தெரியவில்லை. ஐந்து மணிக்கு எங்கள் அத்தனை பேருக்கும் தும்மல் வந்து நின்றுபோனதுபோல ஒரு அவஸ்தை.

மூன்றாம் நாள், மீட்டர் பழுதுக்காக வந்திருந்த ஒரு அம்மாள் பொறுக்க முடியாமல், 'நி' முடிந்ததும் வாய்க்குள் "ம்ம்ம்" என்று அந்த 'ச'வைப் போட்டுவிட்டார். கூடம் முழுக்க மூச்சு விட்டது. டோக்கன்காரர் எழுந்து கவுண்டருக்கு வந்தார். அவ்வளவுதான், தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு மெட்டுக்கும் அறுபது பேர் சேர்ந்து "ம்ம்ம்" என்பார்கள், பிறகுதான் ஆள் எழும். மேலாளர் அறைக்கதவைத் திறந்து பார்த்தார். மறுநாளே எச்சில் துப்பாதீர் பலகைக்குப் பக்கத்தில் புதுப் பலகை ஏறியது. 'பொதுமக்கள் எந்தச் சுரத்தையும் தாங்களாகச் சேர்க்கக் கூடாது.' ஜனங்கள் அதைப் படித்துக்கொண்டே "ம்ம்ம்" என்றார்கள்.

இதில் அத்தான்தான் நொறுங்கிப்போனார். எட்டாம் சுரத்தைத் திருப்பித் தரக் கோரி மனு எழுதினார். 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது. போனிலிருந்து செயலியை எடுத்துவிட்டார். "எனக்கு எதுக்குடா இதெல்லாம்னு இருக்கு" என்றார். வீட்டில் பாத்திரம் தேய்க்கும் நேரத்தில் சமையலறைப் பக்கமே போகவில்லை. எனக்கு மேலாளர்மேல் வந்த கோபத்துக்கு அந்த வாரம் மூன்றாம் கவுண்டரில் நின்ற அப்பாவிகள் எல்லாம் பலியானார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அத்தான் மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார். அதைக் கொடுக்க அக்கா வந்தாள். அவர் மாடியில் இருந்ததால் கூடத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, என்னிடம் கொடுத்துப் போனாள். புதுப் பலகையைக் காக்க மேலாளரே கூடத்தில் வந்து நின்ற நேரம் அது, ஜனங்கள் யாரும் 'ம்ம்ம்' போடவில்லை.

அன்று சாயங்காலம் ஆபீஸ் விட்டு நானும் அத்தானோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்கா டீ கொடுத்துவிட்டுப் பாத்திரம் தேய்க்க நின்றாள். அத்தான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டார். உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"ஆமா, உங்க ஆபீஸ்ல அந்த மெட்டைப் போட்ட மடையன் யாருங்க? அவ்வளவு நல்லாப் போயி, கடைசியில நடுத்தெருவுல விட்டுட்டான்! மத்தியானத்துலேர்ந்து மண்டைக்குள்ள சுத்துது."

நான் வாயைத் திறந்தேன். அத்தான் கண்ணால் அடக்கினார்.

குழாய் ஓடியது. அக்கா பாடினாள். ச க ப ம க ரி நி. நின்றது. நான் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடி முதலிலிருந்து பாடினாள். மறுபடி 'நி'யில் நின்றாள். அத்தான் பேப்பரை மடித்தார். எழுந்து, சமையலறை வாசலுக்குப் போனார்.

மூன்றாம் முறை 'நி' வந்தது. அவர் அந்த 'ச'வைப் பாடினார். சின்னக் குரல், பயந்த குரல். ஆனால் அது அக்காவுடைய 'ச', அவள் வைத்த இடத்திலேயே அப்படியே உட்கார்ந்தது.

அக்கா திரும்பினாள். வழக்கமான டம்ளரைத் தேடி அத்தானுடைய கை தானாகப் போனது.

"அந்த மடையன் நான்தான்," என்றார்.

"நீங்களா போட்டீங்க?"

"ம்."

"கடைசியை ஏன் விட்டீங்க?"

"நான் விடல. வெட்டிட்டாங்க."

அக்கா குழாயை மூடினாள். அவள் அவரைப் பார்த்த பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டீ மூக்கில் ஏறச் சிரித்த நான் டம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"சரி, முழுசாப் பாடுங்க. கேக்கறேன்."

"நீ ஆரம்பி," என்றார் அத்தான். "நான் சேர்ந்துக்கறேன்."

அவள் ஆரம்பித்தாள். இரண்டாம் சுரத்தில் அவர் சேர்ந்தார். 'ம'வில் கொஞ்சம் வழுக்கினார். 'ரி'யில் பிடித்துக்கொண்டார். அக்கா நிறுத்தவில்லை. எட்டாவதற்கு இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். வந்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். அக்காவின் கையில் இருந்தது ஒரே ஒரு சின்னக் கரண்டி. குழாயைத் திறக்காமலே அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.