சுடலைமணி எடுத்த நிலவு

என் சித்தப்பா பூதத்தானின் மகன் சுடலைமணி முக்கூடலில் பிறந்தவன். பத்து வயதில் ஒரு பௌர்ணமியன்று அவனுக்கு வலிப்பு வந்தது. பிற நாள்களிலும் வந்தது. ஆனாலும் சித்தப்பா நிலவையே பழித்து, பௌர்ணமிதோறும் அவனை அறைக்குள் பூட்டினார்.

சென்ற பங்குனிப் பௌர்ணமியன்று, தச்சநல்லூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அவன் அக்கா முத்துராணி பூட்டைத் திறந்தாள். ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று கேமராவை அவன் கையில் கொடுத்தாள். மறுநாள் படத்தைத் தகப்பனிடம் காட்டினாள்.

“நிலா துல்லியமா இருக்கே. நீயாட்டி எடுத்த?”

“உங்க மவன் எடுத்ததுப்பா. கை நடுங்கிச்சான்னு பாருங்க.”

“பைய பேசுட்டி, தெருவுல சிரிப்பாவ. அடுத்த பௌர்ணமிக்கும் பூட்டத்தான் செய்வேன்.”

முத்துராணி அன்றே தம்பியைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள்.

பெற்றவர் என்பதற்காக இதை நான் மென்மையாக எழுதப்போவதில்லை. நிலவு அவனை ஒன்றும் செய்யவில்லை. சிறை வைத்தவர் பூதத்தான். பத்தொன்பது ஆண்டுகள்.